ஆச்சியிடம் என்ன பேசுவது?
(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ராஜ்ய விவகாரமும் இல்லை, தத்துவ விசாரமும் இல்லை. நம் வீடுகளில் நித்தியம் நிகழ்கிற ஒரு சிறு சங்கடம். விடுமுறைக்கு வந்த பேரன் ஆச்சியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து, சுகமா என்று கேட்டு, சுகம் என்ற விடையைப் பெற்று, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, ஆயிற்று என்ற விடையையும் பெற்று, அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் தோன்றாமல், விரல் தானாகக் கைப்பேசியைத் தேடிப் போக, ஆச்சியும் சுவரைப் பார்க்க, இருவருக்குமிடையே கனத்து நிற்கிற அந்த மௌனத்தைப் பற்றியே நான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு ஒரு மண்டபமும் ஒலிபெருக்கியும் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது பிராயத்தைக் கடந்தவர்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் முதியோர் விகிதம் அவ்வளவு இல்லை. அதே கேரளத்திலிருந்துதான் வாலிபர்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் பெங்களூருக்கும் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். திண்ணையில் முதியவர்கள் பெருகுகிறார்கள். அவர்கள் எதிரில் உட்காருகிறவர்கள் அருகுகிறார்கள். போதாக்குறைக்கு, நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். ஆச்சி படிப்பது தமிழ். ஆகவே, எப்போதாவது வாய்க்கிற அந்தக் கால்மணி நேரம் வீணாகக் கூடாது என்பது குடும்பக் கவலை மாத்திரமன்று, சமூகக் கவலையும் ஆகும்.

பேசப் பொருள் இல்லை என்கிறோமே, அது மெய்தானா? எண்பது பிராயமான ஒரு நாஞ்சில் நாட்டு ஆச்சியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்து, 1949-ல் உண்டான திரு-கொச்சி ராஜ்யத்தில் அகரம் எழுதப் பழகி, 1956-ல் சென்னை ராஜ்யத்துப் பிரஜையாகி, பின்பு கரமனையிலோ வலியசாலையிலோ வாழ்க்கைப்பட்டுக் கேரளத்தவராக மூத்தவர் அவர். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைத் தாண்டிப் போகாமலே நான்கு ஆட்சிகளைக் கண்டவரிடம் பேசப் பொருள் இல்லையென்றால், குறை அவரிடம் இருக்க முடியுமா?

குறை நம்மிடம் இருக்கிறது. அதுவும் அன்பில் குறையன்று. முதியவரிடம் போகும்போது நாம் அவருக்கு எதையோ கொடுக்கப் போவதாக நினைத்துக்கொள்கிறோம். நேரம் கொடுக்கப் போகிறோம், துணை கொடுக்கப் போகிறோம், ஆறுதல் கொடுக்கப் போகிறோம். கொடுக்கிறவன் கை மேலே இருக்கிறது. வாங்குகிறவர் கை கீழே இருக்கிறது. ஆயுள் முழுவதும் பத்துப் பேருக்கு இலை போட்டுப் பரிமாறிய கை, பேரன் கொடுக்கிற கால்மணி நேரப் பிச்சையை வாங்கக் கூசாதா? அதனால்தான் அவர்கள் 'சுகம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நம்மை அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகையால் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கொடுக்கப் போகாதீர்கள், வாங்கப் போங்கள். உங்களுக்கு மெய்யாகவே தெரியாத ஒன்றை, மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை, அவரைத் தவிர வேறொருவரும் சொல்ல முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போய், விடை வேண்டிக் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்பதை வைத்தியர் கேட்பார். பேரன் கேட்க வேண்டியது வேறு.

என்ன கேட்பது? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'தாத்தா, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பிக்கிறார்கள். அன்பர்களே, உங்களில் ஒருவரை எழுப்பி நிறுத்தி, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? விழிப்பீர்கள். 'என்னத்தைச் சொல்ல, ஏதோ ஓடிவிட்டது' என்பீர்கள். பெரிய கேள்விக்குச் சிறிய விடைதான் வரும். சிறிய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரிய விடை வரும்.

தொண்ணூறு வயதை எட்டிய ஒரு பாட்டாவிடம் போய், 'பாட்டா, ஒங்க சின்ன வயசுல ஒரு ரூவாய்க்கு எத்தனை சக்கரம்?' என்று கேட்டுப் பாருங்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை நம் ஊர்ச் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் எப்படிச் சமாளித்தார்கள்? வடக்கேயிருந்து வந்த சரக்குக்கு எந்த ரூபாயில் கணக்கு எழுதினார்கள்? ஒரு சக்கரத்துக்கு எத்தனை வாழைப்பழம் கிடைத்தது? பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு வீட்டில் எத்தனை காசு கொடுத்தார்கள், அதை அவன் எங்கே செலவழித்தான்? 'இப்ப எதுக்கு மக்களே அந்தக் கணக்கு?' என்று முதலில் அவர் சிரிப்பார். நீங்கள் விடாமல் நின்றால், அவர் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கும். காசிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கடைக்காரருக்கும், கடைக்காரரிடமிருந்து அவரிடம் பட்ட கடனுக்கும், கடனிலிருந்து விற்றுப்போன வயலுக்கும் பேச்சு நடந்து போகும். வாழ்க்கையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. வாழ்க்கை தானே வந்துவிட்டது.

நாணயத்தைப் பார்த்தோம், இனிப் பிரயாணத்தைப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல்தான் என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? திருவிதாங்கூர் சர்க்காரின் பஸ்களோ 1938 பிப்ரவரி 20-ஆம் தேதியே ஓடத் தொடங்கிவிட்டன. அப்படியானால் ரயில் வருவதற்கு முன் கல்யாணக் கோஷ்டிகள் எப்படிப் போயின? 'ஆச்சி, நீங்க கல்யாணம் கழிஞ்சு இந்த ஊருக்கு எப்பிடி வந்திய? பஸ்ஸா, காரா, வில்வண்டியா? வழியில எங்க எறங்கிச் சாப்பிட்டிய? மொதல்ல கண்ணுல பட்டது என்ன?' இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு ஒரு நாழிகை பொறுத்திருங்கள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, புதுப்புடைவையின் கஞ்சி வாசனையோடும், பாஷை பாதி புரியாத பயத்தோடும், தம்பானூரில் வந்து இறங்குவதை நீங்கள் காண்பீர்கள். அந்தப் பெண்ணை அதற்கு முன் நீங்கள் சந்தித்ததே இல்லை.

அடுத்து, எல்லைக்கோட்டுக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. அன்றே கேரளம் பிறந்தது. பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. ஆனால் உத்தியோகம் திருவனந்தபுரத்திலும், வயல் நாஞ்சில் நாட்டிலும், பெண் கொடுத்த இடம் நெய்யாற்றின்கரையிலும், பெண் எடுத்த இடம் தக்கலையிலுமாக இருந்த குடும்பத்தில் அது எத்தனை வரி? அன்று காலையில் வீட்டில் என்ன பேசினார்கள்? கொண்டாடினார்களா, கலங்கினார்களா? இந்த ஊரிலேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்தது யார்? எந்தப் புத்தகசாலையிலும் இதற்கு விடை கிடையாது. விடை உங்கள் வீட்டு உள்ளறையில், வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அரிசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? பிற விஷயங்களில் பேச்சு வராத முதியவருக்கும் பசியைப் பற்றிப் பேச்சு வரும். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் திகைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விசாகம் திருநாள் மகாராஜா சிரத்தையெடுத்துப் பரப்பிய மரச்சீனிக் கிழங்குதான் அந்தக் காலத்தில் ஏழை வயிற்றைக் காத்தது. பின்பு 1956-ல் நாஞ்சில் நாட்டு நெற்களஞ்சியம் எல்லைக்கு அப்பால் போயிற்று. 1960-களில் ரேஷன் கெடுபிடியும், ராஜ்ய எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடையும் வந்தன. சொந்த வயலில் விளைந்த நெல்லைச் சொந்த மகள் வீட்டுக்குக் கொண்டுபோகக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் அனுமதி வேண்டியிருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 'அரிசியை எப்பிடி ஆச்சி கொண்டுவந்திய?' என்று கேளுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லி வளர்த்த ஆச்சி, எந்தப் பையில் எதற்கு அடியில் எதை ஒளித்தார் என்பதை இறங்கிய குரலில் சொல்லத் தொடங்கினால், அன்று நீங்கள் சாப்பிடப் போகிற சோற்றின் ருசியே வேறாகிவிடும்.

அடுப்படியைத் தாண்டி ஆகாயத்துக்கும் போகலாம். 1963 நவம்பர் 21-ஆம் தேதி அந்தி வேளையில், நம் தும்பாக் கடற்கரையில், இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பிற்று. பூமியின் காந்த மத்திய ரேகை அவ்விடத்தை ஒட்டிச் செல்வதால் விக்ரம் சாராபாய் அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். புனித மரிய மகதலேனாள் தேவாலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புகைப்படம் உலகப் பிரசித்தி பெற்றது. அன்று கிளம்பிய அந்த முதல் ராக்கெட் விட்ட சோடிய ஆவி, இருட்டுகிற வானத்தில் செம்மஞ்சள் மேகமாகப் படர்ந்தது. அன்று மாலை இந்த ஊரில் முற்றத்தில் நின்ற எத்தனையோ பேர் தலை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பாட்டியாக இருக்கலாம். என்னவென்று நினைத்தார்? பயந்தாரா? விளக்கை ஏற்றிவிட்டுக் கும்பிட்டாரா? இன்று விண்வெளி மையத்தில் வேலை பார்க்கிற பேரன் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்பானாகில், அவன் உத்தியோகமும் பாட்டியின் பால்யமும் ஒரே வானத்தின் கீழ் கைகோத்துக்கொள்ளும் அல்லவா?

நாணயம், பிரயாணம், எல்லை, அரிசி, ஆகாயம் என்று ஐந்தைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஆறாவதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். எதுவானாலும், விடை வேண்டிக் கேளுங்கள். கேட்ட பிறகு அடுத்த கேள்வியை அவர் விடையிலிருந்தே எடுங்கள். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் இருந்து எடுத்தால், அது சம்பாஷணையாகாது; போலீஸ் விசாரணையாகிவிடும்.

இனி இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். எங்கே வைத்துப் பேசுவது? எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி பேசுவது நம் முதியவர்களுக்குப் பழக்கமில்லை. அவர்கள் பேசியதெல்லாம் கைவேலையின் நடுவே: அரிசி புடைக்கும்போது, பூத்தொடுக்கும்போது, கடைக் கணக்கு ஒப்பிடும்போது, வரப்பில் நடக்கும்போது. ஆகவே ஒரு வேலையை நடுவில் வையுங்கள். உள்ளித் தீயல் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று போய் நில்லுங்கள். தேங்காயை எந்த நிறம் வரும் வரை வறுக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சரியாகச் சொல்லாது. ஆச்சி பக்கத்தில் நின்று, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், இப்ப எறக்கு' என்று சொல்வார். அந்த 'இன்னும் கொஞ்சம்' என்பதற்குள், அதைத் தமக்குக் கற்றுக்கொடுத்த மாமியாரைப் பற்றியும், முதல்நாள் அதைக் கரிய விட்டதைப் பற்றியும் அவர் சொல்லி முடித்திருப்பார். பேத்திகளுக்கு மாத்திரம் இதைச் சொல்லவில்லை. பேரன்மார்களும் அடுப்படிக்குப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அல்லது அவர்களை வெளியே அழைத்துப் போங்கள். நம் ஊருக்கு வாய்த்த பாக்கியம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, பழைய தலைநகரமான பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பவனியாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, களியக்காவிளையில் ராஜ்ய எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் வந்து சேருகிறார்கள். தலைநகரம் மாறி இரண்டு நூற்றாண்டுகளுக்குமேல் ஆகியும், ராஜ்யங்கள் பிரிந்தும், அந்தப் பவனி நிற்கவில்லை. கரமனையில் அது வரும்போது தாத்தாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். யானை முன்பு எப்படி வந்தது, அவரைத் தோளில் ஏற்றிக் காட்டியது யார், எந்த ஆண்டு மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் நீங்கள் கேளாமலே வரும். முதியவர்களுக்கு இடம் ஒரு சாவி. அதைத் திருப்பினால் பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கும். சாலைக் கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவரோடு மெள்ள நடந்து, 'இந்தக் கடை முன்னே யாருடையது?' என்று மாத்திரம் கேட்டுக்கொண்டே போங்கள். அந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவனைப் போன்ற ஒருவர், எழுதாத மாதவன், உங்கள் வீட்டிலேயே இருப்பதை அறிவீர்கள்.

பழைய ஞாபகங்களைக் கிளறுவது முதியவர்களுக்கு நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. பழையதைப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தும்பாவில் ராக்கெட் கிளம்பிய அதே 1963-ல், வயோதிகத்தில் வாழ்நாளைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, தேவையானது என்று எழுதி அந்த எண்ணத்தை மாற்றினார். முதியவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்றக் காலத்தைவிடத் தெளிவாக நினைவில் நிற்கின்றன என்பதையும் உளவியலார் கண்டிருக்கிறார்கள். இதில் நமக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்; பதினைந்து வயதில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கேட்கிற பிள்ளைகளுக்கும் லாபம் உண்டு. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியல் அறிஞர்கள், 'உன் பாட்டனும் பாட்டியும் எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா?' என்பது போன்ற 20 கேள்விகளை வைத்துக் குழந்தைகளைச் சோதித்தார்கள். தம் குடும்பத்தின் கதையை மிகுதியாக அறிந்திருந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும் மனத்திடமும் மிகுதியாகக் காணப்பட்டன. உடனே அந்த இருபது விடைகளையும் மனப்பாடம் செய்விக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்! விடைகளால் வந்த பலனன்று அது. கூடியிருந்து சாப்பிட்டு, கூடியிருந்து பேசுகிற பழக்கத்தால் வந்த பலன் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

நம் இலக்கியமே இதற்குச் சாட்சி சொல்லும். இந்த ஊரைச் சேர்ந்த நீல. பத்மநாபன் 1968-ல் வெளியிட்ட 'தலைமுறைகள்' நாவலில் உண்ணாமலை ஆச்சி இல்லாவிட்டால் கதாநாயகன் திரவி ஏது? சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசானைச் சுற்றிக் கேட்பதற்குப் பையன்கள் இல்லாவிட்டால் அந்தப் புளியமரத்துக்கு வரலாறு ஏது? கரிசல் காட்டில் கி. ராஜநாராயணன் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கேட்டுக் கேட்டுத்தானே நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார்? மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரைப் பாருங்கள். 1940-ல், தம் 85-ஆம் பிராயத்தில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கி, பால்யத்தில் கேட்டதையும் கண்டதையும் நேற்று நடந்ததுபோல் வாரந்தோறும் சொன்னார். கேட்பதற்கு ஒரு நாடே காத்திருந்தது. ஆயினும் 1942-ல் அவர் மறைந்தபோது அந்தச் சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது. ஓயாது உழைத்த அந்தப் பெரியவருக்கே காலம் போதவில்லையென்றால், அடுத்த ஓணத்துக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற நமக்குப் போதுமா?

இனிக் கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டால் இனிய விடையே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் பெயர்களைக் கேட்டதும் மௌனமாகிவிடுகிற குடும்பங்கள் உண்டு. 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்கு முன் கோயிலின் எந்தப் புறத்தில் நம் முன்னோர் நின்றார்கள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விடை. வெளியே நிறுத்தப்பட்டவரின் பேத்தி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே நிறுத்தியவரின் பேரன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிட அவசியம். நாஞ்சில் வேளாளர் வீடுகளில், சகோதரியின் மக்களுக்குச் சொத்துப் போகிற மருமக்கள் வழி மாறுவதற்கு 1926-ல் சட்டம் வந்தது. அதனால் சொத்தை இழந்தவரும் உண்டு, சொத்தைப் பெற்றவரும் உண்டு, இரு சாராரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் உண்டு. தாத்தா சொல்கிற அபிப்பிராயம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்று மரியாதையோடு சொல்லுங்கள். ஆனால் அவர் ஏன் அப்படி நினைக்க நேர்ந்தது என்பதைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். அவர் பேச மறுத்தால், அந்த மறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லா அறைகளையும் திறந்து காட்ட வேண்டுமென்று யாருக்கும் கட்டாயமில்லை.

சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறோம். அதே கதையை ஒரு நல்ல வித்துவான் அதே ராகத்தை எடுத்துப் பாடுவதுபோல் எண்ணிக் கேளுங்கள் என்ற பழைய உபதேசத்தைச் செய்ய நான் வரவில்லை. ஒரு யுக்தியைச் சொல்கிறேன். கதையின் ஓரத்தில் நிற்கிற ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். கல்யாண ஊர்வலக் கதையைப் பத்தாம் முறை சொல்கிறாரா? 'அந்த வண்டியை ஓட்டினவர் பேர் என்ன?' என்று கேளுங்கள். கதை அந்தக் கணமே புதுவழியில் திரும்பும். ஞாபகம் மிகவும் தளர்ந்துபோய் உங்கள் பெயரே வராத நிலையில் இருப்பவரிடம் கேள்வியே வேண்டாம். இலங்கை வானொலியில் அவர் கேட்ட பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுங்கள். பேர் மறந்தவருக்கும் பாட்டு வருவதைப் பலர் கண்டிருக்கிறோம்.

தாத்தாக்களே, பாட்டிமார்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முன்வரிசையில் நீங்கள்தானே நிறைந்திருக்கிறீர்கள்! பேரன் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு 'எங்கள் காலத்தில் ஒழுக்கம் இருந்தது' என்று பிரசங்கத்தை ஆரம்பித்துவிடாதீர்கள். பிரசங்கம் செய்ய இதோ என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் சற்றே ஒத்திவையுங்கள். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற பேத்தியிடம், 'அந்தப் பெட்டிக்கு முன்னால உக்காந்து நீ என்னதாம்மா செய்யறே, எனக்குப் புரியும்படியாச் சொல்லு' என்று நீங்களும் விடை வேண்டிக் கேளுங்கள். அவள் அதைத் தமிழில் சொல்லத் திணறட்டும். திணறித் திணறித்தான் பாஷை வளரும். வாங்கல் கொடுக்கல் இரு பக்கமும் நடந்தால்தான் சம்பாஷணை நிலைக்கும்.

இளைஞர்களே, கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். அதை வெளியே எடுங்கள். அவர் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, ஒலிப்பதிவை ஓடவிட்டு, பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பேரும் முறையும் சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பேத்தி, ஆச்சியின் பேச்சைக் கேட்டு மலையாள லிபியிலே எழுதி வைத்தாலும் குற்றமில்லை. பிறகு ஒரு நாள், ஆச்சியின் பழைய கடிதக் கட்டைத் தானே வாசிக்க வேண்டுமென்ற ஆசை வந்து, நம் எழுத்தையும் கற்றுக்கொள்வாள். தேவை வந்தால் எழுத்து வரும். தேவையை உண்டாக்குவது அந்தப் பேச்சுத்தான்.

அன்பர்களே, நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். மகாராஜாக்களின் சரித்திரத்தை ஏடுகள் காப்பாற்றும். திவான்களின் உத்தரவுகளை ஆவணக் காப்பகங்கள் காப்பாற்றும். உள்ளித் தீயலின் பக்குவத்தை யார் காப்பாற்றுவது? களியக்காவிளை தாண்டி வந்த அரிசிப் பையின் சரித்திரத்தை யார் எழுதுவது? அந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்பாது. சர்க்கார் மானியம் தராது. அந்த வேலைக்கு நியமனம் பெற்றவர்கள் நீங்கள். சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. ஆனால் அதைச் செய்ய உங்களைத் தவிர உலகத்தில் வேறு ஆளும் கிடையாது. ஆகவே இன்று இரவே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். விடை தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் வராத கேள்வியாக அது இருக்கட்டும். ஆச்சி பக்கத்தில் இருந்தால் நேரில் கேளுங்கள். தூரத்தில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். ஆச்சி இல்லையென்றால், ஆச்சியை அறிந்த அடுத்த வீட்டுக் கிழவியிடம் போய்க் கேளுங்கள். கேட்டதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்களிடமும் வந்து ஒருவன் ஒரு நாள் கேட்பான். அவனுக்குச் சொல்வதற்கு உங்களிடம் சரக்கு இருக்க வேண்டுமல்லவா?